செல்வதா, அனுப்புவதா? கிறித்தவப் பேரிடர் உதவிப் பணியில் தன்னார்வலர் எடுக்கும் முடிவு

ஆய்வுச் சுருக்கம்

பேரிடர் நேர்ந்த இடத்திற்குக் கிறித்தவ அமைப்பு ஒன்றின் தன்னார்வத் தொண்டராகச் செல்லலாமா என்னும் வினா, பெரும்பாலும் ஒருவருடைய பக்தியையும் இரக்கத்தையும் அளந்து பார்க்கும் வினாவாகவே கொள்ளப்படுகிறது. கிறித்தவ மரபின் மூல நூல்களும் வரலாற்றுச் சான்றுகளும் அதனை வேறு வகையில் அணுகியுள்ளன. செல்பவரின் உள்ளத்தைக் காட்டிலும் துயருற்றவரின் தேவையே அங்கு முதன்மை அளவுகோலாக நிற்கிறது. புதிய ஏற்பாடு, மூன்றாம் நூற்றாண்டுக் கொள்ளைநோய், 1527இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய மடல், ஹோண்டுராஸ் நாட்டில் வீடு கட்டிய குழுக்களைப் பற்றிய ஆய்வு, 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை அவ்வளவுகோலை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பேரிடர், தன்னார்வத் தொண்டு, திருச்சபை, ஆழிப்பேரலை, மனிதநேய நடத்தை நெறி, சமயப் பரப்பல்

முன்னுரை

2015இல் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், 2017இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் மீனவர்களைப் பலிகொண்டபோதும், 2018இல் கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், 2024இல் வயநாட்டில் நிலம் சரிந்தபோதும் கல்லூரி ஆசிரியர்கள் பலர் ஒரே கேள்வியை எதிர்கொண்டிருப்பர். மாணவர் ஒருவர் வந்து, திருச்சபையிலிருந்து ஒரு குழு புறப்படுகிறது, நானும் போகலாமா என்று கேட்பார். போ என்று சொல்வது எளிது. தேர்வு நெருங்குகிறது, போகாதே என்று சொல்வதும் எளிது. இவ்விரு விடைகளும் கேட்ட மாணவரைப் பற்றியவை. பேரிடரில் சிக்கியவரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

கிறித்தவத் தொண்டு பற்றித் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் கல்வி, மருத்துவம், அச்சு ஆகிய துறைகளைச் சுற்றியே அமைந்துள்ளன. பேரிடர் உதவி அவற்றினின்று தன்மையால் வேறுபட்டது. பள்ளியும் மருத்துவமனையும் ஓர் ஊரில் வேரூன்றி நிற்பவை; தொண்டர் குழுவோ வந்து போவது. வேரூன்றிய நிறுவனம் தன் தவற்றைக் காலப்போக்கில் உணர்ந்து திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டு வாரம் தங்கிச் செல்லும் குழுவிற்கு அவ்வாய்ப்பு இல்லை. தவற்றின் விளைவைக் காணும் முன்பே அது ஊர் திரும்பிவிடுகிறது. ஆகவே புறப்படும் முன் எடுக்கப்படும் முடிவு இங்கு மிகுந்த கனம் பெறுகிறது.

அந்தியோக்கியாவின் தீர்மானம்

கிறித்தவப் பேரிடர் உதவியின் தொடக்கத்தைத் தேடுவோர் பொதுவாக நல்ல சமாரியர் உவமையையே சுட்டுவர். அதற்கு முன்பாக, திருத்தூதர் பணிகள் நூலின் பதினோராம் அதிகாரம் கூறும் ஒரு நிகழ்ச்சி நோக்கத்தக்கது. பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்னும் இறைவாக்கினர் முன்னறிவிக்கிறார்; அது கிளவுதியு பேரரசர் காலத்தில் நேர்ந்ததாக நூலாசிரியர் குறிப்பிடுகிறார். அந்தியோக்கியாவில் இருந்த சீடர்கள் கூடி, யூதேயாவில் வாழ்ந்த உடன்பிறப்புகளுக்கு உதவ முடிவு செய்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கு ஏற்பக் கொடுக்கின்றனர். திரண்ட பொருள் பர்னபா, சவுல் ஆகிய இருவர் வழியாக யூதேயாவின் மூப்பர்களிடம் அனுப்பப்படுகிறது.

இச்சிறு பகுதியில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஊர் முழுவதும் கொடுத்தது, சென்றவர் இருவரே. அவ்விருவரும் பொருளைத் தம் கையால் வீடு வீடாகப் பகிர்ந்ததாக நூல் கூறவில்லை. அவ்வூர் மூப்பர்களிடம் ஒப்படைத்தனர். அந்தியோக்கியாவில் தங்கியவர்களைப் பக்தி குன்றியவர்களாக நூல் காட்டவுமில்லை. செல்லாதிருத்தல் இங்கு ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை என்பது கருதத்தக்கது.

பவுல் பின்னர் எருசலேமுக்காகத் திரட்டிய நிதியைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் எட்டாம் அதிகாரமும் இவ்வழியிலேயே செல்கிறது. இல்லாததைக் கொடுக்கும்படி அவர் கேட்கவில்லை; உள்ளதற்கேற்பக் கொடுக்கப்படுவதே ஏற்புடையது என்கிறார். பெருந்தொகையைக் கையாளும்போது எவரும் குறைகூற இடம் தராதபடி நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாக அனுப்புவதாகவும் எழுதுகிறார். கணக்கு, தணிக்கை என்று இன்று நாம் வழங்கும் அக்கறை அங்கு இறையியல் மொழியில் பேசப்பட்டுள்ளது எனலாம்.

இனி லூக்கா நற்செய்தியின் சமாரியருக்கு வருவோம். அவர் துயரைத் தேடிப் பயணம் புறப்பட்டவர் அல்லர். தம் அலுவலாகச் சென்ற வழியில் அதனை எதிர்கொண்டவர். கையிலிருந்த எண்ணெயையும் திராட்சை மதுவையும் பயன்படுத்தினார். அடிபட்டவரைத் தம் விலங்கின் மீதேற்றிச் சாவடிக்குக் கொண்டு சென்றார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்து, கூடுதல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றார். மறையுரைகளில் அதிகம் பேசப்படாத மாந்தர் அச்சாவடிப் பொறுப்பாளரே. நாள்தோறும் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும். வெளியூரார் தொடங்கிவைத்த உதவியை உள்ளூரார் தொடர, அதற்கான செலவை வெளியூரார் ஏற்கிறார்.

கார்த்தேஜும் விட்டன்பர்க்கும்

கி.பி. 249 முதல் ஏறத்தாழ 262 வரை உரோமப் பேரரசை வாட்டிய கொள்ளைநோய், கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் பெயரால் வழங்கப்படுகிறது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு எழுதிய மடலின் பகுதிகளை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றின் ஏழாம் நூலில் பாதுகாத்துள்ளார். கிறித்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்து தாமும் மாண்டனர் என்றும், பிறர் தம் உறவினரைக்கூடக் கைவிட்டு ஓடினர் என்றும் அம்மடல் கூறுகிறது. தம் சமூகத்தை உயர்த்தியும் பிறரைத் தாழ்த்தியும் பேசும் இச்சான்றினை அப்படியே ஏற்பது ஆய்வு நெறியாகாது. எனினும், தொண்டில் நேரும் சாவை மறைச்சாட்சியச் சாவுக்கு இணையாக வைக்கும் எண்ணம் இங்கே உருப்பெற்றுவிட்டமை தெளிவு. அவ்வெண்ணத்தின் ஈர்ப்பு இன்றும் குறையவில்லை; ஆபத்தான இடத்திற்குச் செல்வதே உயர்ந்த பக்தி என்னும் உணர்வு அதன் வழிவந்ததே.

சிப்பிரியானின் வாழ்க்கையை எழுதிய திருத்தொண்டர் பொந்தியு தரும் செய்தி அத்துணை வீரம் செறிந்ததன்று. ஆனால் நம் வினாவுக்கு அதுவே மிகவும் பயன்படுகிறது. தம்மைத் துன்புறுத்தியோருக்கும் உதவுமாறு சிப்பிரியான் தூண்டினார் என்கிறார் பொந்தியு. பணிகள் அவரவர் நிலைக்கும் ஆற்றலுக்கும் ஏற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பொருள் தர இயலாத வறியோர் உழைப்பைத் தந்தனர். யார் எதைச் செய்வது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே உணர்ச்சிவயப்பட்டு முடிவு செய்யவில்லை. திருச்சபை கூடி வகுத்தது.

செல்வதா, விலகுவதா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட நூல் ஒன்று 1527இல் எழுதப்பட்டது. கொள்ளைநோயின்போது ஊரைவிட்டு ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் போதகர் ஜோஹான் ஹெஸ் கேட்டதற்கு மார்ட்டின் லூத்தர் வரைந்த விடைமடல் அது. அவ்வாண்டு ஆகஸ்டில் விட்டன்பர்க்கிலும் நோய் பரவியது. பல்கலைக்கழகம் யேனாவுக்கு மாற்றப்பட்டது; லூத்தரையும் வெளியேறுமாறு சாக்சனி ஆட்சியாளர் பணித்தார். அவர் வெளியேறவில்லை. கருவுற்றிருந்த மனைவி கத்தரீனாவுடன் அங்கேயே தங்கி, தம் இல்லத்தில் நோயாளிகளுக்கு இடமளித்தார்.

தாம் தங்கிய ஒருவர் பிறரையும் தங்குமாறு வற்புறுத்துவார் என்று எதிர்பார்ப்போம். லூத்தர் அவ்வாறு செய்யவில்லை. போதகர், ஆட்சிப் பொறுப்பினர், மருத்துவர், பெற்றோர் எனப் பிறருக்குக் கடமைப்பட்டவர் விலகலாகாது என்கிறார். உதவிக்கு வேறு எவரும் இல்லாத நிலையில் அண்டை வீட்டாரும் கட்டுப்பட்டவரே. போதுமான ஆட்கள் இருப்பின், ஏனையோர் செல்வதும் தங்குவதும் அவரவர் உரிமை, வெளியேறியவரைப் பழிக்கலாகாது. மருந்தை வெறுத்தும் எச்சரிக்கையின்றியும் நோய்க்குள் பாய்வதை நம்பிக்கை என்று அவர் ஏற்பதில்லை. கடவுளைச் சோதிக்கும் செயலாகவே அதனைக் காண்கிறார். தாம் தேவைப்படாத இடங்களுக்குச் செல்வதைத் தவிர்ப்பதாகவும், தம் வழியாகப் பிறருக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்றும் எழுதுகிறார். அண்டையார் அழைத்தால் அஞ்சாது செல்வதாகவும் அடுத்தே கூறுகிறார்.

இம்மடலின் நுட்பம், ஒரே மனிதர் ஓரிடத்தில் தேவையானவராகவும் மற்றோரிடத்தில் தீங்கானவராகவும் இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டதில் உள்ளது. அவருடைய அன்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. வேறுபடுவது இடமும் தேவையும். திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து அமைந்த அதிகாரங்கள் அரசனுக்குரியவை; எனினும் அம்மூன்று தலைப்புகளையும் தொண்டர் தேர்வுப் படிவத்தின் மேல் எழுதிவைக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஹோண்டுராஸ்: அளந்து பார்த்த ஓர் ஆய்வு

மரபு சொல்வதை நம் கால அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பளிப்பது மிட்ச் சூறாவளி. 1998 அக்டோபர் இறுதியில் அது நடு அமெரிக்காவைத் தாக்கியது. ஹோண்டுராஸ் நாடு பேரழிவுக்குள்ளானது. வட அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து குறுகிய காலக் குழுக்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தன. உள்ளூர்க் கிறித்தவ அமைப்புகளும் உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு வீடுகள் கட்டின. இவ்விரு வகை வீடுகளையும் அவற்றில் குடியேறிய குடும்பங்களையும், வந்து சென்ற தொண்டர்களையும் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்.

வெளிநாட்டார் கட்டிய வீட்டில் வாழ்ந்த குடும்பத்திற்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் வாழ்ந்த குடும்பத்திற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர் காணவில்லை. குழு ஒன்றின் பயணத்திற்கான செலவோ, ஒரு வீட்டின் கட்டுமானச் செலவைப் போலப் பல மடங்கு. இக்கணக்கைக் காட்டும்போது வழக்கமாகக் கூறப்படும் மறுமொழி, பயணம் தொண்டரின் வாழ்வையே மாற்றிவிடுகிறது, அதன்பின் அவர் மிகுதியாகக் கொடுப்பார், மிகுதியாக வேண்டுவார் என்பதாகும். வெர் பீக் அதையும் சோதித்தார். தாம் மாறியதாகத் தொண்டர்கள் பலர் கூறினர். ஆனால் நன்கொடைப் பழக்கம் முதலியவற்றில் நீடித்த மாற்றம் சிறிதளவே தென்பட்டது.

ஒரு நாட்டின் ஒரு பேரிடரைப் பற்றிய ஆய்வைக் கொண்டு எல்லாப் பயணங்களையும் வீண் என்று தீர்ப்பது பொருந்தாது. வெர் பீக்கும் அவ்வாறு தீர்க்கவில்லை. முன் ஆயத்தமும் பின் தொடர்தலும் இருப்பின் பயன் கூடும் என்பது அவர் கருத்து. அவ்வாய்வு தெளிவாக்குவது மற்றொன்று. வீடு கட்டுதல் என்பது உள்ளூரிலேயே கைதேர்ந்தோர் நிறைந்த தொழில். வேலையிழந்து நிற்கும் கொத்தனார் வாழும் ஊருக்குக் கரணை பிடித்தறியாத இளைஞர் விமானமேறிச் சென்றால், நிறைவது யாருடைய தேவை என்று கேட்காமல் இருக்க முடியாது. அறுவை மருத்துவர், நீர்த் தூய்மைப் பொறியாளர், மீட்புப் பயிற்சி பெற்றோர் ஆகியோர் நிலை வேறு. அவர்தம் திறன் அழிவு நேர்ந்த இடத்தில் அந்நாட்களில் போதிய அளவு கிடைப்பதில்லை.

அமெரிக்காவிற்குள்ளேயே நிகழும் பேரிடர்களில் அந்நாட்டுத் திருச்சபைகள் இப்பாடத்தை முன்னரே ஓரளவு கற்றிருந்தன. 1969இல் கமில் சூறாவளிக்குப் பின் பல அமைப்புகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பணியில் இறங்கியதால் நேர்ந்த குழப்பத்தின் விளைவாக, 1970இல் ஏழு அமைப்புகள் கூடித் தேசிய ஒருங்கிணைப்பு அமைப்பு ஒன்றை நிறுவின. தென் பாப்திஸ்து பேரிடர்ப் பணியினர் பெரும் சமையற்கூடங்களில் உணவு சமைக்க, செஞ்சிலுவைச் சங்கத்தார் அதனை வண்டிகளில் எடுத்துச் சென்று வழங்கும் பணிப்பிரிவினை பல்லாண்டுகளாக நிலவுகிறது. அங்கு தொண்டராக விரும்புவோர் பேரிடருக்கு முன்பே பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அழைப்பின்றித் தாமாகப் புறப்படுவது ஊக்குவிக்கப்படுவதில்லை.

நாகப்பட்டினமும் குமரியும்

லூத்தர் மரபு தமிழகத்தில் 1706இல் முதன்முதலாகக் கால்பதித்த ஊர் தரங்கம்பாடி. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை எழுந்த ஆழிப்பேரலை அவ்வூரையும் தாக்கியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். சில நாட்களுக்குள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உதவிக் குழுக்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் கிறித்தவ அமைப்புகள் பல.

அந்நாட்களின் அடையாளமாக நினைவில் நிற்பவற்றுள் ஒன்று, சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழந்துணி. மீனவர் அதனை ஏற்க மறுத்தனர். அலை வருவதற்கு முந்திய நாள் வரை பிறரிடம் கையேந்தாது உழைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒருவர் உடுத்துக் கழித்ததை வாங்கிக்கொள்ளும் நிலையைத் தமக்குரியதாக அவர்கள் எண்ணவில்லை. அனுப்பியவரின் இரக்கத்தில் பொய்யில்லை; ஆயினும் அக்குவியலை அகற்றுவதே உள்ளாட்சிப் பணியாளருக்கு இன்னொரு வேலையாயிற்று. ‘கொடுத்தோம்’ என்ற நிறைவும் ‘அவமதிக்கப்பட்டோம்’ என்ற உணர்வும் ஒரே பொதியில் பயணம் செய்தன.

உதவிகள் பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளின் வழியே பகிரப்பட்டன. அப்பஞ்சாயத்துகளின் ஒழுங்கும் விரைவும் வியக்கத்தக்கவை. அதே வேளையில் மீன்பிடித் தொழிலைச் சாராத தலித் கூலித் தொழிலாளரும் இருளரும் முதற்கட்டப் பட்டியல்களில் பல இடங்களில் விடுபட்டனர். வெளியிலிருந்து வந்த தொண்டர், தமக்கு முதலில் அறிமுகமான தலைவரின் பட்டியலையே ஊர் என்று எண்ணிக்கொண்டால், அவர் அறியாமலேயே ஒரு விலக்கலுக்குத் துணைபோகிறார். உள்ளூர் அமைப்பிடம் ஒப்படைத்தலே சிறந்தது என்று மேலே கூறியதற்கு இங்கு ஓர் எல்லை வகுக்க வேண்டியுள்ளது. உள்ளூர் என்பது ஒருமை அன்று. மூப்பர் யார், அவர் யாருக்கு மூப்பர் என்ற விசாரணை அந்தியோக்கியாக் கதையில் இல்லை. நாகப்பட்டினத்தில் அது தவிர்க்க முடியாதது.

படகு வழங்கலும் இவ்வாறே. இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகள் வழங்க நிறுவனங்கள் போட்டியிட்டதில், முன்பிருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கை பெருகி மீன்வளத்திற்கே சுமையானது. இத்தகைய மோதல்களைக் குறைக்கும் நோக்குடன் 2005 தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் மாவட்ட நிருவாகத்தோடு இணைந்து தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. எந்த ஊரில் எது வேண்டும், யார் ஏற்கெனவே செய்கின்றனர் என்ற செய்தியே அங்கு பெரிதும் வேண்டப்பட்டது.

குமரிக் கடற்கரையோ முற்றிலும் வேறானது. குளச்சல் முதலிய மீனவ ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குகள். அங்கு ஆலயம் வழிபாட்டிடம் மட்டுமன்று. ஊர் வழக்கு, கணக்கு, கட்டுப்பாடு அனைத்தும் அதனைச் சுற்றியே அமைகின்றன. பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் அங்கு உள்ளூர் நிறுவனமே. நாகப்பட்டினத்து மீனவ ஊர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அங்கே கிறித்தவ அமைப்பின் பதாகையோடு வருபவர் விருந்தினர். ஒரே திருச்சபையின் ஒரே தொண்டர் குளச்சலில் உறவினராகவும் வடக்கே சில மணி நேரப் பயணத்தில் அயலாராகவும் ஆகிறார். நிலைமாற்றத்தை உணராதவர் குளச்சலில் இயல்பாகச் செய்ததையே நாகையிலும் செய்வார்; கூடி இறைவேண்டல் செய்வது உட்பட.

உதவியும் சமயப் பரப்பலும்

அவ்விறைவேண்டல் ஏன் சிக்கலாகிறது என்பதை அக்காலத் தமிழகச் சூழலில் வைத்துக் காண வேண்டும். வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ செய்யும் மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் 2002இல் தமிழகத்தில் கொண்டுவரப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஆழிப்பேரலை வந்தது. ஆசைகாட்டல் எது என்ற விவாதத்தின் சூடு ஆறாத நிலையில்தான் அரிசி மூட்டைகளோடு கிறித்தவத் தொண்டர்கள் கடற்கரைக்கு வந்தனர்.

இவ்விடத்தில் திருச்சபைகளின் நிலைப்பாடு ஒன்றல்ல. சொல்லும் செயலும் பிரிக்கவியலாதவை, துயர்துடைக்கும்போது நற்செய்தியை மறைப்பது நேர்மையன்று என்பது நற்செய்திவழிக் குழுக்கள் பலவற்றின் கருத்து. 1974 லொசான் உடன்படிக்கை நற்செய்தி அறிவித்தலையும் சமூகப் பொறுப்பையும் கிறித்தவக் கடமையின் இரு கூறுகளாக ஏற்றது. மறுபுறம், 1994இல் உருவான செஞ்சிலுவை இயக்கம் மற்றும் அரசு சாரா நிறுவனங்களுக்கான நடத்தை நெறியின் பத்துக் கொள்கைகளுள் மூன்றாவது, உதவியை அரசியல் அல்லது சமய நோக்கத்தை முன்னேற்றப் பயன்படுத்தலாகாது என்கிறது. இந்நெறி திருச்சபைகளின் மீது வெளியிலிருந்து சுமத்தப்பட்டது என்று கருதுவோர் உளர். அதனை உருவாக்கியோருள் பன்னாட்டுக் காரித்தாசு, கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணி, உலக லூத்தரன் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவை இடம்பெற்றிருந்தன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 2005 டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கையெழுத்திட்ட ‘கடவுள் அன்பாயிருக்கிறார்’ என்னும் சுற்றுமடலின் 31ஆம் பத்தியும், அன்புப்பணி வேறொரு நோக்கத்தை அடையும் கருவியாகக் கூடாது என்றும், கடவுளைப் பற்றி எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதைக் கிறித்தவர் அறிந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இக்கட்டுரையாளர் பின்னைய நிலைப்பாட்டையே சரியெனக் கருதுகிறார். காரணம் நம்பிக்கையின் வலிமை பற்றியதன்று. இருவருக்கிடையிலான ஆற்றல் வேறுபாடு பற்றியது. குடிநீர்க் குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பெயரளவில் மட்டுமே உள்ளது. மறுக்க இயலாதவரின் இசைவை நம்பிக்கையின் அறிகுறியாகக் கொள்வது, நம்பிக்கையையே மலிவாக்குவதாகும். அவர் தாமாகக் கேட்டால் விடை சொல்வதை எந்த நெறியும் தடுக்கவில்லை.

தொண்டர் எந்த அமைப்போடு செல்கிறார் என்பதும் முடிவின் ஒரு பகுதியே. 2020 ஏப்ரலில் கொரோனா பரவலின் உச்சத்தில், ‘சமாரிட்டன்ஸ் பர்ஸ்’ அமைப்பு நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் 68 படுக்கைகளுடன் கூடார மருத்துவமனை ஒன்றை நடத்தியது. அவ்வமைப்பின் பணியாளரும் தொண்டரும் அதன் நம்பிக்கை அறிக்கையை ஏற்க வேண்டும். திருமணம் ஆண் பெண் இருவருக்கிடையே மட்டுமே என்பதும் அவ்வறிக்கையில் அடக்கம். நோயாளிகளிடம் வேறுபாடு காட்டுவதில்லை என்று அமைப்பு உறுதி கூறியது. எனினும் நகரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. உதவி பெறுவோருக்கு நிபந்தனையில்லை, உதவி செய்வோருக்கு நிபந்தனையுண்டு என்ற இவ்வேறுபாடு சட்டப்படி நிற்கலாம். கையெழுத்திடும் செவிலியர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இடுகிறாரா என்பதே நம் கவலை. தமிழகத்தில் கிறித்தவக் கல்லூரிகளிலிருந்து புறப்படும் மாணவருள் பிற சமயத்தார் பலர். தாம் அணியும் சட்டையில் உள்ள பெயர் எதைக் குறிக்கிறது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் கடமை ஆசிரியருடையது.

நல்லெண்ணம் தன்னளவில் போதாது என்பதற்கு ஹைட்டி நிகழ்ச்சியைவிடக் கூர்மையான சான்று இல்லை. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்திற்குப் பின், அமெரிக்காவின் ஐடஹோ மாநில பாப்திஸ்து சபைகளைச் சார்ந்த குழுவினர் பத்துப் பேர், ஆதரவற்றோர் என்று தாம் கருதிய 33 குழந்தைகளை உரிய ஆவணங்களின்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று ஜனவரி இறுதியில் எல்லையில் தடுத்து வைக்கப்பட்டனர். அக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ இருந்தமை பின்னர் தெரியவந்தது. பேரிடர் நாட்களில் குழந்தை தனியே நிற்பதற்குத் தாய் குடிநீர் வரிசையில் நிற்பதும் ஒரு காரணம். மொழி அறியாத, ஊர் அறியாத ஒருவருக்கு அது தெரிய வழியில்லை.

பத்தாம் மாதம்

முடிவெடுக்க நிற்பவரிடம் எழுப்ப வேண்டிய வினாக்கள் பல; அவை எல்லாருக்கும் ஒரே வரிசையில் பொருந்துவதில்லை. அழைப்பு எங்கிருந்து வந்தது என்பதை நான் முதலில் கேட்பேன். துயருற்ற ஊரின் பங்கிலிருந்தோ, அங்கு ஏற்கெனவே பணியாற்றும் அமைப்பிலிருந்தோ, இன்ன திறனுடைய இத்தனை பேர் வேண்டும் என்று வந்த அழைப்பு ஒரு வகை. தன் சபையில் எழுந்த உருக்கத்திலிருந்து பிறந்த அழைப்பு வேறு வகை. 1947இல் பிரிவினை அகதிகளுக்கென டெல்லியில் தொடங்கப்பட்ட காசா போன்ற அமைப்புகள் இந்தியாவில் நெடுநாள் அனுபவம் உடையவை; முந்திய வகை அழைப்பு பெரும்பாலும் இத்தகையோரிடமிருந்தே வரும். உடல்நிலை, குடும்பப் பொறுப்பு, மொழி ஆகியவை அடுத்தவை. மொழி அறியாத தொண்டர் ஒருவர் வந்தால், அவ்வூரில் இரு மொழி அறிந்த பணியாளர் ஒருவரின் நாள் மொழிபெயர்ப்பிலேயே கழியும். தங்குமிடம், உணவு, குடிநீர் ஆகியவற்றைத் தாமே கொண்டுவர இயலாதவர் அங்குள்ள பற்றாக்குறையில் பங்கு கேட்பவராகிறார்.

காலத்தைப் பற்றிய வினா பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை. முதல் வாரத்தில் ஆட்கள் குவிகின்றனர். அவ்வாரத்தில் வேண்டப்படுவோர் பயிற்சி பெற்ற மீட்பாளரும் மருத்துவரும். பயிற்சியற்ற கைகளுக்குரிய வேலை பின்னரே வருகிறது: சேறு அள்ளுதல், விடுபட்டோர் பட்டியல் எடுத்தல், இழப்பீட்டு விண்ணப்பம் நிரப்புதல், சான்றிதழ் தொலைத்த மாணவருக்காக அலுவலகங்களுக்கு அலைதல். அப்போது படக்கருவிகளும் இருப்பதில்லை, தொண்டரும் இருப்பதில்லை. அமெரிக்கக் கான்சாஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் ஊரில் 1950இல் தொடங்கிய மென்னோனைட் பேரிடர்ப் பணி இவ்விடைவெளியையே தன் களமாகக் கொண்டது. காப்பீடும் அரசு உதவியும் எட்டாத முதியோர், ஊனமுற்றோர், வறியோர் வீடுகளை, பிற குழுக்கள் புறப்பட்ட பின்னும் தங்கி அது புதுப்பிக்கிறது.

நவம்பரில் புயல் வந்தவுடன் அனுமதி கேட்கும் மாணவரிடம், தேர்வு முடித்துக் கோடை விடுமுறையில் அதே ஊருக்குச் செல்ல முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குள் கடிதம் ஒன்று அவ்வூர்ப் பங்குப் பேரவைக்கும், அப்பேரவையின் பட்டியலில் இல்லாத தெருவில் பணியாற்றும் அமைப்பு ஒன்றுக்கும் செல்ல வேண்டும். இருவரிடமிருந்தும் வரும் விடைகள் ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆட்கள் வேண்டாம், வழிச்செலவுப் பணத்தை அனுப்புங்கள் என்று ஒரு விடை வந்தால், அந்தியோக்கியாவில் தங்கியவர்களின் வரிசையில் அம்மாணவருக்கும் இடமுண்டு என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியிருக்கும்.